அளத்துக்குப் போகும் கூழ்

மரக்காணத்து உப்பளங்களில் உப்பு வாரும் பருவத்தில் வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. மேலிருந்து அடிக்கும் வெயில் பாதிதான். மீதிப் பாதி, வெள்ளைவெளேரென்று கிடக்கும் உப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணைச் சுடுகிறது. அதனால் கிழக்கு வெளுப்பதற்கு வெகுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பி, உச்சிவெயிலுக்கு முன்னால் கனமான வேலையை முடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். இப்படிக் கிளம்புகிற ஒரு பெண் காலை உணவை எப்போது சமைப்பாள்? எப்போது உண்பாள்? கையில் தொங்கும் தூக்கில் அதற்கான விடை இருக்கிறது. முந்தின நாளே ஆக்கி, இரவெல்லாம் புளித்து, காலையில் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கரைத்த கூழ் அது. சோறு மிஞ்சிய வீடாக இருந்தால் நீர் ஊற்றிவைத்த பழையது.

அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே இரண்டு மூன்று மணி நேரம் போனால் சென்னை. அங்கே அடுக்குமாடி வீடுகளின் குளிர்சாதனப் பெட்டிகளில் கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாலிலோ தயிரிலோ ஊறும் ஓட்ஸ், மேலே பழத்துண்டு, பாதாம். முதல் நாள் இரவு போட்டு வைத்துவிட்டால் காலையில் அடுப்பு மூட்ட வேண்டாம். ஓவர்நைட் ஓட்ஸ் என்று இதைப் புதிய கண்டுபிடிப்பாகவே பலரும் பேசுகிறார்கள். இதைப் பழிக்க நான் எழுதவில்லை. காலை ஏழு மணிக்கு அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கும் காலை நேரம் இல்லை. ஆனால் இரவில் ஆகும் இந்த உணவு யாருடைய தேவையிலிருந்து பிறந்தது, அதன் எளிமை யாருக்கு எளிமை என்ற கேள்வியை இந்த இரண்டு பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு தகப்பனைச் சொல்வார்கள். சூரிச் நகரத்து மருத்துவர் மாக்சிமிலியன் பிர்ஷர்-பென்னர், 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் நோயாளிகளுக்கு ஓர் உணவு கொடுத்தார். ஒரு மேசைக்கரண்டி ஓட்ஸை மூன்று கரண்டித் தண்ணீரில் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, எலுமிச்சைச் சாறும் சுண்டக் காய்ச்சிய பாலும் கலந்து, தோலோடு துருவிய ஆப்பிளை நிறையச் சேர்த்து, மேலே கொட்டைப் பருப்பு தூவித் தருவார். ஆல்ப்ஸ் மலையில் ஒரு மேய்ப்பர் குடிசையில் இப்படி ஒன்றை உண்டதுதான் தனக்கு வழிகாட்டியது என்று அவர் சொல்லிக்கொண்டார். மேய்ப்பர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்காட்லாந்துக்காரர்களிடம் இன்னும் பழைய ஒன்று இருந்தது. ஓட்ஸ் அரைத்தபின் மிஞ்சும் உமியை, அதில் ஒட்டியிருக்கும் மாவோடு, தண்ணீரில் பல நாள் போட்டுப் புளிக்கவைப்பார்கள். பிறகு வடிகட்டி, அடியில் படிந்த மாவைக் காய்ச்சிக் குடிப்பார்கள். சோவன்ஸ் என்று பெயர். உமியையும் விடாத ஏழை வீட்டின் புளித்த கஞ்சி. நம் ஊர்க் கிழவி ஒருத்தியை அந்த அடுப்படியில் கொண்டுபோய் உட்காரவைத்திருந்தால் கேள்வி எதுவும் கேட்காமல் வேலையைத் தொடங்கியிருப்பாள்.

கேழ்வரகுக் கூழுக்கு இரண்டு இரவு வேண்டும். முதல் இரவு மாவைத் தண்ணீரில் கரைத்து மூடிவைக்க வேண்டும். மறுநாள் மாலைக்குள் அது பொங்கி, மேலே நுரை கட்டி, புளித்த வாசம் பிடித்திருக்கும். பானையில் தண்ணீர் கொதிக்கும்போது ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டுக் குழையவிட்டு, புளித்த மாவை ஊற்றி, துடுப்பைக் கையிலிருந்து விடாமல் கிண்ட வேண்டும். ஒரு கணம் அசந்தால் கட்டி தட்டும், அடி பிடிக்கும். மாவு இறுக இறுகத் துடுப்பு கனக்கும். மாவின் வெளிர் நிறம் போய்க் கறுஞ்சிவப்பாகி, மேலே ஒரு பளபளப்பு வரும். அப்போது கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்ப்பார்கள். விரலில் ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. அதை அப்படியே ஆறவிட்டு மண்பானையில் மூடிவைத்தால் இரண்டாம் இரவில் மறுபடி ஒரு மெல்லிய புளிப்பு ஏறும். காலையில் ஓர் உருண்டையை எடுத்து, தண்ணீர் விட்டு, கல்லுப்புப் போட்டு, மோர் இருந்தால் மோர் ஊற்றிக் கையால் கரைத்துத் தூக்கில் நிரப்பினால் ஐந்து நிமிட வேலை. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தை என்று மீனவர் குப்பங்கள் நிறைந்த கரை என்பதால் சுட்ட நெத்திலிக் கருவாட்டுக்கும் பஞ்சமில்லை.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் எளிமை என்கிறோம். அதற்கு முந்தின மாலை முக்கால் மணி நேரம் புகையில் நின்று துடுப்புப் போட்டவள், அதே நாள் காலையில் பாத்தியில் குனிந்து உப்பு வாரியவள். காலையில் இல்லாத நேரத்தை அவள் மாலையிலிருந்து கடன் வாங்குகிறாள். வேலை எங்கும் மறைந்துபோகவில்லை; இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. எளிய காலை உணவு என்று பேசும் எவரும் இந்த மாலை நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டே பேச வேண்டும்.

கூழ் எதற்கு, கையோடு நான்கு இட்லி கொண்டுபோகக் கூடாதா என்று அளத்து வரப்பில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயாவிடம் கேட்டேன். தூக்கின் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டியபடியே சொன்னார்: “துன்னுட்டுக் குனிஞ்சா எல்லாம் மேல வந்துடும் தம்பி. கூழு அப்டி இல்ல. கெடக்குற எடம் தெரியாம கெடக்கும்.” உப்பை வாரும் பலகையை இழுப்பதென்றால் மணிக்கணக்கில் குனிந்து நிற்பது. அந்த உடம்புக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த உணவியல் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

இதன் பின்னே இருக்கும் அறிவு சாதாரணமானதல்ல. மரக்காணத்தின் கோடை இரவில்கூட வெப்பம் பெரிதாக இறங்காது. கடல் ஈரம் வேறு. வடித்த சோற்றை அப்படியே உலர வைத்தால் விடிவதற்குள் ஊசிப்போகும். நீரில் மூழ்கவைத்தால் வேறு கதை. லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி நீரைப் புளிக்கவைக்கின்றன. அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பலவும் தலையெடுக்க முடிவதில்லை. சென்னைப் புட்டி கெடாமலிருக்க அதை நான்கு டிகிரிக் குளிரில் வைக்க வேண்டியிருக்கிறது. இங்கே அதே வேலையைப் புளிப்பு செய்கிறது, மின்சாரம் இல்லாமல். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோதும், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையில் ஏறியபோதும் இப்பகுதியில் மின்கம்பங்கள் சாய்ந்து ஊர்கள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவிலும் புளித்த பானை கெட்டுப்போவதில்லை.

கூழுக்கு ஆகும் இன்னொரு தானியமான கம்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பில் கொழுப்புச் சத்து அதிகம். அரைத்த மாவைச் சில நாள் வைத்திருந்தாலே கசப்பேறிவிடும். தானியத்துக்குள்ளேயே இருக்கும் நொதி, உடைபட்டதும் கொழுப்பைச் சிதைக்கத் தொடங்குவதுதான் காரணம். ஓட்ஸுக்கும் இதே சிக்கல்தான். அதனால்தான் ஆலையில் ஓட்ஸை நீராவியிலும் சூட்டிலும் காட்டி அந்த நொதியை அடக்கிவிட்டுப் பிறகு வெட்டுகிறார்கள், அல்லது தட்டையாக உருட்டுகிறார்கள். நம் பெண்கள் வேறு வழி கண்டார்கள். வேண்டும்போது மட்டும் கம்பைக் குத்தி, இடித்து, அன்றே புளிக்கவைத்தார்கள். ஒரே கேள்விக்கு இயந்திரம் ஒரு விடையும் உலக்கை ஒரு விடையும் சொல்லியிருக்கின்றன. உலக்கையின் விடைக்கு ஒரு பெண்ணின் தோள் தேவைப்பட்டது என்பதையும் சேர்த்தே பாராட்ட வேண்டும்.

பழையதின் பெருமை பேசும்போது ஒரு தவறான செய்தி எங்கும் சுற்றிவருகிறது. இரவெல்லாம் ஊறினால் சோற்றில் இரும்புச் சத்து இருபது மடங்குக்கு மேல் கூடிவிடும் என்கிறார்கள். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை உண்டாக்க முடியாது. பானையில் இருந்த இரும்புதான் காலையிலும் இருக்கும். புளிப்பதால் நிகழ்வது வேறு, அதுவே போதுமான அதிசயம். தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் சிதைகிறது. அதனால் இருக்கிற சத்தை உடம்பு கூடுதலாக ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிப் பெருங்குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் குடல்நோய் அறுவை மருத்துவர்கள் பழைய சோற்றை மாநில அரசின் நிதியுதவியோடு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதும் இந்தக் காரணங்களால்தான். நம் உணவு உயர்ந்தது என்று சொல்லப் பொய்க் கணக்கு தேவையில்லை. பொய்க் கணக்கு ஒரு நாள் உடையும்போது உண்மையையும் சேர்த்து உடைத்துவிடும்.

அதே நேர்மையோடு ஓட்ஸையும் பார்க்க வேண்டும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஓட்ஸில் அதில் ஆறில் ஒரு பங்கு போல. ஆனால் புரதத்தில் ஓட்ஸ் முந்துகிறது. அதிலுள்ள பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார் ரத்தக் கொழுப்பைக் குறைப்பதை ஏற்று, இதயநோய் அபாயம் குறையும் என்று உறையில் அச்சிட அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1997இல் அனுமதி கொடுத்தது. உட்கார்ந்து வேலை செய்யும் சர்க்கரை நோயாளி ஒருவர், நைசாக அரைத்த கேழ்வரகு மாவுக் கூழை இரண்டு சொம்பு குடித்துவிட்டு அது சிறுதானியம்தானே என்று நிம்மதியாக இருக்க முடியாது, சர்க்கரை ஏறும். அவருக்கு எஃகுக் கத்தியால் இரண்டு மூன்றாக வெட்டிய ஓட்ஸ் நொய் பொருத்தமான தானியம். மெதுவாகச் செரிக்கும்.

அந்த நொய்யை நம் பானை வழியிலேயே ஆக்கலாம் என்பது என் அனுபவம். ஒரு பங்கு நொய்க்கு நான்கு பங்கு தண்ணீர். பகலில் நேரடியாக வேகவைத்தால் அரை மணி நேரம் பிடிக்கும். இரவில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, நொய்யைப் போட்டு, ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடி வைத்தால் தன் சூட்டிலேயே முக்கால் பதம் ஊறிவிடும். படுக்கப் போகும் முன் நன்றாக ஆறியிருக்கிறதா என்று பார்த்து, முந்தின நாள் நீராகாரம் ஒரு கரண்டியோ மோர் ஒரு கரண்டியோ விட்டுக் கலந்துவிட வேண்டும். சூட்டில் ஊற்றினால் புளிக்கவைக்கும் உயிர்கள் செத்துவிடும். காலையில் கல்லுப்பு, கெட்டி மோர், நறுக்கிய வெங்காயம், கிள்ளிய கறிவேப்பிலை. பல்லுக்குக் கொஞ்சம் வேலை கொடுக்கும், அது நல்லது. பாதாமும் ஆப்பிளும் போட்ட புட்டியைவிட இது நம் நாக்குக்கு நெருக்கமாக இருக்கிறது, செலவும் குறைவு. தட்டையாக உருட்டிய ஓட்ஸ் ஏற்கெனவே நீராவியில் பாதி வெந்தது. அதை ஊறவைத்தாலே போதும்.

இந்தக் கரையின் சாப்பாட்டுக்கு வெகு பழைய சான்றுகள் உண்டு. சிறுபாணாற்றுப்படை பாடும் நல்லியக்கோடனின் ஓய்மாநாட்டுத் துறைமுகமான எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. பாணர்கள் கடந்துபோகும் ஊர்களில் அவர்களுக்குக் கிடைக்கும் சுட்ட மீனும் சூடான புளிச்சோறும் நண்டுக் கறியும் அந்தப் பாட்டில் வருகின்றன. விருந்தினருக்குப் படைத்ததைப் புலவர் பாடினார். விருந்து படைத்தவர்கள் மறுநாள் விடியலில் என்ன குடித்துவிட்டு வேலைக்குப் போனார்கள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. ஊர் நடுவே இருக்கும் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிக்கின்றன. அளத்தில் உழைத்தவர்களின் வயிறு அங்கேயும் பதிவாகவில்லை.

கூழும் கஞ்சியும் பதிவாகும் இடம் பஞ்சக் கணக்குகள்தான். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியை வெட்டினார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அந்தப் பஞ்ச வேலையில் தோண்டப்பட்டதுதான் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு. அப்போதைய கவர்னரின் பெயரால் முழுக் கால்வாயும் பக்கிங்காம் கால்வாய் என்றானது. அந்தக் கால்வாயின் தென்முனை மரக்காணம். கஞ்சித் தொட்டி முன் நின்ற கூட்டத்தின் நினைவும், பண்ணையாளுக்குப் புழக்கடையில் வைத்து ஊற்றிய கூழின் நினைவும் சேர்ந்துதான் இந்த உணவின் மேல் வெட்கம் படிந்தது. கொஞ்சம் காசு வந்ததும் முதலில் கூழை விட்ட குடும்பங்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் விட்டது தானியத்தை அல்ல, அவமானத்தை. ரேஷனில் 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இலிருந்து இலவசமாகவும் அரிசி வந்தபோது, துடுப்புப் போடும் மாலை பல வீடுகளில் இல்லாமல் போனது. பெண்களுக்கு அது உண்மையான விடுதலை. ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் மட்டும் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நிற்கிறது.

இப்போது கூழ் திரும்பி வருகிறது. கோடையில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக கூழ் வண்டிகள் நிற்கின்றன. கார்கள் நின்று குடித்துவிட்டுப் போகின்றன. 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்தபின் விலையும் மதிப்பும் ஏறின. மகிழ்ச்சிதான். ஆனால் விலை ஏறினால் அளத்துக்குப் போகிறவளின் பானைக்குள் கேழ்வரகு எப்படி வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். ஊருக்குப் பிடித்துப்போன உணவு, அதைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு எட்டாமல் போவது நியாயமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, என்னை அதிகம் வருத்துவது அதுதான். வெயிலில் உழைப்பவர்க்குக் கூழ் நல்லது என்று சொல்லும்போது அதன் நீரையும் உப்பையும்தான் முதலில் சொல்கிறோம். ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான அளவுக்கு மிஞ்சிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேரளவில் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மரமில்லாத வெள்ளை வெளி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. தூக்கு நிறையக் கூழ் இருந்தும், எழுந்து போக இடமில்லை என்று அவள் பாதியோடு நிறுத்தினால் அந்த இரண்டு இரவு உழைப்புக்கு என்ன பொருள்? நல்ல காலை உணவு என்பதில் அதைப் பயமில்லாமல் முழுக்கக் குடிக்க முடிவதும் அடங்கும்.

கடல்நீரின் அடர்த்தி போமே அளவில் மூன்று டிகிரிக்குச் சற்று மேல். அது பாத்தி பாத்தியாக நகர்ந்து, காய்ந்து, இருபத்தைந்து டிகிரியைத் தொடும்போது உப்பு பூக்கிறது. அந்தக் கணக்கை நாக்கிலும் கண்ணிலும் வைத்திருக்கும் மனிதர்களுக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் வேலை இல்லை. 2022 முதல் அந்த மாதங்களுக்கு அரசு 5000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. நல்ல தொடக்கம். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு திட்டம் கொண்டுவந்தது. அதே இரண்டு கிலோ மரக்காணத்துக்கும் வர வேண்டும், விரும்புகிறவர் வாங்கிக்கொள்ளும் உரிமையாக. கூடவே ஒவ்வொரு அளத்திலும் ஒரு நிழற்கூரை, குடிதண்ணீர், பெண்களுக்குக் கதவுள்ள ஒரு கழிப்பறை. அடுத்த பருவத்துக்கு உப்புப் பாத்தி மிதிக்கத் தொடங்குவது பொங்கலை ஒட்டி. அதற்குள் இந்த நான்கையும் செய்து முடிக்க முடியும், அரசும் அளத்துக்காரர்களும் மனம் வைத்தால்.